கேள்விக்குறி வேண்டாம் என்றேன்

அந்தப் பையை மேலே வையுங்கள், தம்பி. என் முழங்காலை இடிக்கிறது. ஆங், அப்படி.

மதுரையா? சரி. நான் திண்டுக்கல். கோர்ட்டுக்கு. சாட்சி சொல்ல. தள்ளி உட்கார வேண்டாம், சாட்சிதான்.

நூல் மில் ஒன்றில் ஜெனரல் மேனேஜராக இருந்தேன். வேடசந்தூர் பக்கம். மில் பெயர் வேண்டாம். இப்போது ஓய்வு. திருச்செங்கோட்டில் இருக்கிறேன். என்னை என் பாட்டுக்கு விட்டுவிடலாம் இல்லையா? விடவில்லை. பஞ்சவர்ணம் என்று ஒருத்தி. மில்லில் வைண்டிங்கில், நூல் சுற்றுகிற பகுதியில், வேலை பார்த்தவள். அவள் புருஷன் சவடமுத்து, அங்கேயே ஃபிட்டர். மில்லுக்குள் செத்துப்போனான்.

நான் இன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமாம். சொன்னால் அவன் வேலை செய்துகொண்டிருக்கும்போது செத்தவன். சொல்லாவிட்டால் செம்புக் கம்பி திருட வந்த இடத்தில் செத்தவன். இதுதான் கடைசி வாய்தா. சாட்சி வராவிட்டால் கேஸை மூடிவிடுவார்கள் என்று அவள் வக்கீல் சொல்லியிருக்கிறார்.

என்ன வாக்கியமா? பொறுங்கள். முதலில் இருந்து சொன்னால்தான் என் பக்கம் என்ன என்று தெரியும். என் பக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். பஸ்ஸில் வேறு என்ன செய்யப் போகிறீர்கள்?

முப்பது வருஷத்துக்கு மேல் மில்லில் இருந்தவன் நான். காலையில் போனதும் ஒரு சுற்று. புளோரூம், கார்டிங், ஸ்பின்னிங், வைண்டிங். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். வழியில் ஒருவன் நிறுத்தி, மோட்டார் சரியில்லை என்பான். அடுத்தவன், மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, இவனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பான். மேஸ்திரியைக் கேட்டால் அவன் தன் மச்சினன் பக்கம் பேசுவான். யாரை நம்புவது? ஒரு முடிவெடுக்க அரை நாள் போகும். எடுத்த பிறகும் சரிதானா என்று மறுபடி போய்ப் பார்ப்பேன்.

பெரிய முதலாளி போய் மகன் வந்தார். வெளிநாட்டில் படித்தவர். எம்.டி. என்னை அங்கிள் என்பார். சின்ன வயதில் நான் தூக்கி வைத்திருந்த பிள்ளை.

"அங்கிள், இந்த வயசுல நீங்க ஏன் தூசிக்குள்ள நடக்கணும்? மில்லை உங்க ரூமுக்கே கொண்டாந்துடறேன்" என்றார்.

கொண்டுவந்தார். என் அறைச் சுவரில் ஒரு திரை. கட்டில் அளவுக்கு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம். நன்றாக ஓடினால் பச்சை. தடுமாறினால் மஞ்சள். கெட்டால் சிவப்பு. எந்த மிஷின் எவ்வளவு நூல் விட்டது, எந்தப் பகுதியில் எத்தனை பேர் உள்ளே, எவன் எவ்வளவு நேரம் சும்மா நின்றான், எல்லாம் அதில். கம்ப்யூட்டர் ஆளாகக் குணசீலன் என்று ஒரு இளவட்டத்தைப் போட்டார்கள். கண்ணாடி போட்டவன். எதற்கெடுத்தாலும் "ஆனா சார்" என்பான்.

நான் உடனே நம்பிவிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதவில்லையா? சரி, மனதில் வையுங்கள். கார்டிங்கில் ஒரு மிஷின் சிவப்பு காட்டியது. மேஸ்திரியைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றான். நானே போய்ப் பார்த்தேன். உள்ளே உடைந்திருக்கிறது. மேலே துணி போட்டு மறைத்து வைத்திருக்கிறான். மனுஷன் பொய் சொன்னான், திரை சொல்லவில்லை. அன்றைக்கு வந்தது நம்பிக்கை. சும்மா வரவில்லை.

அப்புறம் சுற்று தேவைப்படவில்லை. எதற்கு? உட்கார்ந்த இடத்தில் மில் இருக்கிறது. ஏ.சி. இருக்கிறது. அரை நாள் முடிவு அரை நிமிஷ முடிவு ஆயிற்று. யாரையும் நம்ப வேண்டியதில்லை. அதுதான் பெரிய நிம்மதி, தம்பி. உங்களுக்குத் தெரியாது. நாலு பேரை வைத்து வேலை வாங்கியிருந்தால் தெரியும்.

ஆயுத பூஜைக்குத் திரைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். சந்தோஷப்பட்டேன். கிண்டல் என்று பிறகுதான் தெரிந்தது. கேண்டீனில் பேசிக்கொள்வார்களாம். "ஜி.எம். டி.வி. பாக்குறாருடா. விளம்பரம் போடுறப்ப போய் லீவு கேளு." பேசட்டும்.

ஆரம்பத்தில் திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். சிவப்பு வந்தால் அந்தப் பகுதி ஆளைக் கூப்பிடுவேன். உட்காரச் சொல்ல மாட்டேன். நான் என்ன பேசுவேன் என்று இந்த பஸ்ஸில் சொல்ல முடியாது, பெண்கள் இருக்கிறார்கள். மழைக்காலம் வருவதற்குள் சிவப்பு போய்விட்டது. முழுக்கப் பச்சை. நாற்று நட்ட வயல் மாதிரி. எம்.டி. வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்து காட்டுவார். "எங்க அங்கிள் மில்லை எப்படி வெச்சிருக்கார் பாருங்க."

என்ன கேட்டீர்கள்? பயந்துகொண்டு பச்சையாகப் போட்டிருப்பார்களா? எப்படிப் போடுவார்கள்? எல்லாம் தானாகப் பதிவாவது. சிலது மட்டும் கையால் போடுவது. ஈரப்பதம் அந்த மாதிரி. சிலதுதான்.

இந்த ஊர் என்ன? அரவக்குறிச்சியா? இப்போதுதான் அரவக்குறிச்சியா? இவன் என்ன வண்டி ஓட்டுகிறான், உருட்டுகிறான்.

சரி. கேள்விக்குறிக்கு வருகிறேன்.

மில்லுக்குள் வருகிறவன் கேட்டில் கார்டைக் காட்டுவான். இன் விழும். போகும்போது காட்டுவான். அவுட் விழும். சிலது காட்டாமல் ஓடிவிடும். வேன் போய்விடும், பஸ் போய்விடும் என்று அவசரம். அப்படி அவுட் விழாதவன் பெயருக்கு எதிரே திரையில் ஒரு கேள்விக்குறி வரும். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் வரிசையாகக் கேள்விக்குறி. நெல்லில் விழுந்த கல் மாதிரி. டைம் ஆபீஸ் ஆள் போய் ஒவ்வொருவனாகத் தேடி, இருக்கிறானா போனானா என்று பார்த்து அதை எடுக்க வேண்டும். அதுவரை என் கட்டம் மஞ்சள்.

குணசீலனைக் கூப்பிட்டேன்.

"இந்தக் கேள்விக்குறி எனக்கு வேண்டாம்."

"அது ஆள் எங்கன்னு தெரியலைங்கறதுக்கு சார்."

"தெரியாம என்ன? ஷிப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போயிருப்பான். முடிஞ்ச உடனே தானா அவுட் விழற மாதிரி பண்ணு."

"ஆனா சார், ஒருத்தன் உள்ளயே இருந்தா?"

"எதுக்கு இருக்கான்? ஷிப்ட் முடிஞ்ச பிறகு உள்ள இருக்கறது தப்பு. தப்பு பண்றவனுக்கு நான் ஏன் கேள்விக்குறி போடணும்?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுநாளே செய்துவிட்டான். எனக்கும் அவனுக்கும் டைம் ஆபீஸில் இரண்டொருவருக்கும் மட்டும் தெரியும். ஊருக்கெல்லாம் எதற்குச் சொல்வது?

இப்போது அந்த வாக்கியம் புரிகிறதா? "சவடமுத்துவுக்கு அவுட் தானாக விழுந்தது." இதைத்தான் நான் கோர்ட்டில் சொல்ல வேண்டுமாம்.

அவசரப்படாதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

நூல் மில்லில் காற்று ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் இழை அறும். அதற்கு ஒரு பகுதி உண்டு, எச் பிளாண்ட் என்போம். காற்றை நனைத்து உள்ளே விடும். திரும்பி வருகிற காற்று தரைக்கு அடியில் ஒரு சுரங்கம் வழியாகப் போகும். டிரெஞ்ச். ஆள் குனிந்து போகலாம். பஞ்சுத் தூசி அதில் அடை அடையாகப் படியும். அவ்வப்போது ஃபேனை நிறுத்தி, இரும்பு மூடியைத் திறந்து, இறங்கி அள்ள வேண்டும். ஒருவன் இறங்குவான். இன்னொருவன் மேலே மூடி பக்கத்தில் நிற்பான்.

மேலே நிற்கிறவன் என்ன செய்வான்? நிற்பான். திரையில் அவனுக்கு வேலை பூஜ்யம். ஒவ்வொரு தடவையும் பூஜ்யம். நிற்பதற்கு ஒரு ஆளா? அவனை எடுத்து பேக்கிங்கில் போட்டேன். திரை அடுத்த வாரமே பச்சையாயிற்று. எம்.டி. கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்புறம் சவடமுத்து தனியாகத்தான் இறங்குவான். ஒரு தடவை கூட ஆள் கேட்டதில்லை. கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் கேட்கவில்லை. அதைச் சொல்கிறேன்.

அன்றைக்குப் பகல் ஷிப்ட் முடிகிற நேரம் இறங்கியிருக்கிறான். ஃபேனை நிறுத்தினால் எச் பிளாண்ட் கட்டம் சிவப்பாகும். ஷிப்ட் மாறும்போது நான் டீ குடிப்பேன், திரையைப் பார்க்க மாட்டேன் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அந்த நேரமாகப் பார்த்துத்தான் செய்வார்கள். அதுவும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்றைக்கு நான் டீ குடிக்கவில்லை. வயிறு சரியில்லை.

திரையில் சிவப்பு. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மாறவில்லை. அடுத்த ஷிப்ட் வந்தாயிற்று. இன்னும் சிவப்பு. ஸ்பின்னிங் மாஸ்டர் தாமோதரனுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் முழுக்க அவன் பொறுப்பு.

"என்னய்யா எச் பிளாண்ட் சிவப்பு?"

"ஃபேன் நிக்குது சார். டிரெஞ்ச் மூடி திறந்து கெடக்கு. உள்ள யாராச்சும் இருக்காங்களோன்னு..."

"கூப்பிட்டுப் பாத்தியா?"

"கூப்பிட்டேன் சார். ஸ்பின்னிங் ஃப்ரேம் ஓடுற சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஆள் இறங்கிப் பாக்கச் சொல்லட்டுமா?"

"உன் பக்கத்துலயும் ஒரு திரை இருக்குல்ல? எச் பிளாண்ட்ல எத்தனை பேர் உள்ள?"

"யாரும் இல்லைன்னு காட்டுது சார்."

"அப்புறம் என்ன யோசனை? மூடு. ஃபேனைப் போடு."

சிவப்பு பச்சையாயிற்று. என் கண்ணாலேயே பார்த்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முன்காலத்தில் இதற்கு நாலு பேரைக் கூட்டி, கத்தி, ஆளைத் தேடி...

தண்ணீர் வைத்திருக்கிறீர்களா? கொடுங்கள். பாட்டிலில் வாய் வைக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் பஞ்சவர்ணம் வந்து நிற்கிறாள். பிற்பகல் ஷிப்ட்காரி, காலையிலேயே வந்துவிட்டாள். தாமோதரனும் அறையில் இருந்தான்.

"சார், அவரு வீட்டுக்கு வரலை."

திரையில் பெயரைப் போட்டேன். அவுட். நேரத்தோடு காட்டுகிறது. திரையைத் திருப்ப முடியாது, அவளைத்தான் இந்தப் பக்கம் வரச் சொன்னேன்.

"பாரு. ஷிப்ட் முடிஞ்சதும் வெளிய போயிருக்கான்."

"ஷிப்ட் மாறுறப்ப கேட்டுல பாத்துக்குவோம் சார். அவரு வெளிய வருவாரு, நான் உள்ள போவேன். நேத்து பாக்கலை."

"கூட்டத்துல பாத்திருக்க மாட்டே."

"வண்டி ஸ்டாண்டுலயே நிக்குது சார்."

"பஸ்ஸுல போயிருப்பான். வீட்டுல சண்டையா?"

நிமிர்ந்து பார்த்தாள். "நேத்துக் காலைல சோறு கட்டிக் குடுத்தேன் சார். சண்டை போட்டவ எதுக்குக் கட்டிக் குடுக்குறேன்?"

தாமோதரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்னவோ தோன்றியிருக்கலாம். தோன்றினால் சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லையா?

அவள் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"சார், ஒரே ஒரு தடவை மில்லை நிறுத்துங்க. அஞ்சு நிமிசம் போதும். சத்தம் இல்லாம இருந்தா நான் கூப்பிட்டுப் பாக்குறேன். உள்ள எங்கயாச்சும் மயங்கிக் கெடந்தா சத்தம் குடுப்பாரு."

மில்லை நிறுத்துவதாம். தம்பி, நூல் மில் பற்றி உங்களுக்குத் தெரியாது. எல்லா ஃப்ரேமையும் நிறுத்தினால் எல்லா இழையும் அறும். திரை முழுக்க ரத்தமாகிவிடும். எதற்கு? ஒருத்தி கூப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதுவும் வெளியே போனவனை. நீங்களாக இருந்தால் நிறுத்துவீர்களா?

நிறுத்துவீர்களா? இப்போது சொல்வீர்கள். முடிவு தெரிந்த பிறகு எல்லோரும் சொல்வார்கள்.

"அவன் உள்ள இல்லைம்மா. உள்ள இல்லாதவனை எப்படிக் கூப்பிடுவே? போ, சொந்தக்காரங்க வீட்டுல பாரு" என்றேன். கடுமையாகச் சொல்லவில்லை. எடுத்துச் சொன்னேன்.

போனாள். அவள் அண்ணன் வீடு, சவடமுத்துவின் தங்கச்சி வீடு, பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி என்று அலைந்தாள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனாள். அவர்கள் மில்லைக் கேட்டார்கள். அவுட் ஆனதைக் காட்டினோம். சரி, வெளியே போயிருக்கிறான் என்று அவர்களும் வெளியேதான் தேடினார்கள். எல்லோரும் திரையை நம்பினார்கள். நான் மட்டுமா?

அவளும் ஷிப்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்றாளாம். வைண்டிங் அந்த டிரெஞ்சுக்கு மேலேதான்.

அப்புறம் ஒருநாள் ஸ்பின்னிங்கில் ஒரு வரிசை சிவப்பு. இழை அறுப்பு. பத்து ஃப்ரேம் ஒன்றாக அறுகிறது. எழுந்து ஓடினேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு மில்லுக்குள் ஓடினேன். காற்று வறண்டு கிடக்கிறது. ஈரப்பதம் திரையில் பச்சை, ஆனால் உதடு காய்கிறது. எவனோ நேற்றைய எண்ணையே இன்றைக்கும் போட்டிருக்கிறான். டிரெஞ்சில் காற்று இழுக்கவில்லை, ஏதோ அடைத்திருக்கிறது என்றான் தாமோதரன். அவன் குரல் சரியாக இல்லை. "திற" என்றேன்.

திறந்தார்கள்.

இருந்தான்.

பஞ்சு மூடியிருந்தது. முதலில் பஞ்சு மூட்டை என்றுதான் நினைத்தோம். கையில் ஸ்பானர். மூடியைப் புரட்டிப் போட்டபோது அடிப்பக்கம் பெயிண்ட் உரிந்து, திட்டுத் திட்டாக இரும்பு தெரிந்தது. அடித்திருக்கிறான். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மேலே இடி விழுந்தாலே கேட்காது.

டாக்டர் ஒருவர் தேவையில்லாமல் பேசினார். உடனே போகவில்லை என்றார். மறுநாள் பகல் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார். இதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்? நான் கேட்டேனா?

எம்.டி. வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அங்கிள், ரெக்கார்டு என்ன சொல்லுது?"

"அவுட்."

"நிச்சயமா?"

"நீங்களே பாருங்க."

பார்த்தார். அப்புறம் அவர் முகத்துக்கு ரத்தம் வந்தது. அவுட் ஆனவன் உள்ளே செத்துக் கிடந்தால் என்ன அர்த்தம்? திரும்பி வந்திருக்கிறான். கேட்டில் இன் இல்லை. அப்படியானால் பின் சுவர் ஏறி வந்திருக்கிறான். எதற்கு? எச் பிளாண்டில் பழைய மோட்டார்கள் கிடந்தன. அதில் செம்புக் கம்பி இருக்கிறது. வக்கீல்கள் இதையெல்லாம் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. நான் சொன்னது ஒரு சொல். அவுட். அது உண்மை. திரையில் அப்படித்தான் இருந்தது.

பிறகு மூடியை மூடியது யார் என்று கேட்டால்? திரும்பி வந்தவன் ஆள் பார்த்துவிடக் கூடாது என்று உள்ளே இருந்து இழுத்துக்கொண்டான் என்றார்கள். அவ்வளவு கனமான மூடியையா என்கிறீர்களா? நான் என்ன கண்டேன்.

தாமோதரன் இன்னும் அந்த மில்லில்தான் இருக்கிறான். வாய் திறக்க மாட்டான். குணசீலன் வேலையை விட்டுவிட்டுக் கண்காணாத தேசத்துக்குப் போய்விட்டான். கடைசி நாள் என் அறைக்கு வந்தான். நின்றான். "ஆனா சார்" என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு அந்தத் திரையையும் மாற்றிவிட்டார்கள். புதுசாக ஏதோ. பழையது எப்படி வேலை செய்தது என்று சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் என்னைப் பிடித்தார்கள்.

போன வாரம் என் வீட்டுக்கே வந்துவிட்டாள், பஞ்சவர்ணம். தனியாக. பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. என் மருமகள் தண்ணீர் கொடுத்தாள். குடித்தாள்.

"சார், காசுக்கு வரலை. அது வேணாம்னு வக்கீலுகிட்டயே சொல்லிட்டேன். மகனை ஸ்கூல்ல 'கம்பி, கம்பி'னு கூப்பிடுறாய்ங்க. மகளைப் பாக்க வந்தவங்க, 'அப்பா எப்படி இறந்தாரு'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவரு ஒரு நட்டு போல்ட்டு வீட்டுக்குக் கொண்டாந்தது கெடையாது சார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவுட்டு தானா விழுந்துச்சுன்னு. அது போதும்."

"நான் பாத்ததைத்தாம்மா சொல்ல முடியும்."

"அதைச் சொல்லுங்க சார். பாத்ததைச் சொல்லுங்க."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் திட்டி அனுப்பியிருக்கலாம். என் மருமகள் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. அவளுக்கு மில்லைப் பற்றி என்ன தெரியும்?

மில் வக்கீலும் போன் செய்தார். "உடம்பு முடியலைன்னா வர வேணாம் சார். நாங்க பாத்துக்கறோம்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வருவேன். ஓடி ஒளியறவன் நான் இல்லை" என்றேன். சாட்சி என்று கூப்பிட்டால் போய் நிற்க வேண்டும். நின்று, உள்ளதைச் சொல்லிவிட்டு வர வேண்டும். நான் முடிவெடுக்கத் தயங்கினவன் இல்லை. மில்லில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

எதைச் சொல்லப் போகிறேனா?

சரி. நீங்களே அவள் வக்கீலாக இருங்கள். கேளுங்கள். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

"சவடமுத்து வெளியே போனதை நீங்கள் பார்த்தீர்களா?" நல்ல கேள்வி. பார்த்தேன். திரையில் பார்த்தேன்.

இல்லை, ஆளைப் பார்க்கவில்லை. ஆளை எதற்குப் பார்க்க வேண்டும்? எழுநூறு பேரை நான் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

அடுத்தது. "அந்த அவுட்டை யார் போட்டது?" யாரும் போடவில்லை. அது தானாக விழும்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

அதுதான் அவள் கேட்ட வார்த்தையா? தெரியும். எனக்குத் தெரியாதா? உங்களிடம் சொல்வது வேறு. பஸ்ஸில் சொல்வது வேறு. அங்கே சொன்னால் அதோடு விடுவார்களா? தானாக விழும்படி செய்யச் சொன்னது யார் என்பார்கள். மேலே நின்ற ஆளை எடுத்தது யார் என்பார்கள். மூடியை மூடச் சொன்னது யார் என்பார்கள். அந்த அம்மா வந்து கேட்டபோது மில்லை ஏன் நிறுத்தவில்லை என்பார்கள். ஒவ்வொன்றாக. உங்களை மாதிரி மெதுவாகக் கேட்க மாட்டார்கள். அதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது. ஆனால் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லு என்பார்கள். அது என்ன நியாயம்? முடிவெடுத்தவனுக்கு விளக்கம் சொல்ல இடம் கொடுக்க வேண்டாமா?

ரெக்கார்டுப்படி அவுட் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அதுவும் பொய் இல்லை. ஆனால் அவள் எதிரே உட்கார்ந்திருப்பாள். அப்படியே பார்த்துக்கொண்டு இருப்பாள்.

திண்டுக்கல் வந்துவிட்டதா? இவ்வளவு சீக்கிரமாகவா? இப்போது மட்டும் பறக்கிறான்.

பொறுங்கள், முட்டாதீர்கள். இறங்குகிறவர்கள் இறங்கட்டும். எனக்கு அவசரம் இல்லை.

அதோ. கடலை விற்கிறவனுக்குப் பக்கத்தில். நீலச் சேலை. அவள்தான். பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கிறாள் பாருங்கள். கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாளாம். நான் என்ன வழி தெரியாதவனா? கரூர் வழியாக வருகிற பஸ் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள் போல. அந்த வண்டி ஜன்னல் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு இப்போது இந்தப் பக்கம் திரும்புகிறாள்.

நீங்கள் எழுந்திருக்காதீர்கள், தம்பி. அப்படியே உட்காருங்கள். கொஞ்சம் முன்னால் சாயுங்கள். இன்னும் கொஞ்சம்.

கண்டக்டர். ஏய், கண்டக்டர். மதுரை ஒன்று குடு. ஆமாம், திண்டுக்கல்தான் எடுத்தேன். இப்போது மதுரை. உனக்கு என்ன? டிக்கெட்டைக் கிழி. வண்டியை எடுக்கச் சொல்லு.

மதுரையில் ஒரு வேலை இருக்கிறது. நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார். காலையிலிருந்தே வயிறு சரியில்லை. உங்களிடம் சொல்லவில்லையா? கோர்ட் எங்கே போகிறது? கடைசி வாய்தா என்பார்கள், இன்னொன்று கொடுப்பார்கள். எத்தனை பார்த்திருக்கிறேன்.

வருகிறாள். முன் ஜன்னலில் கேட்கிறாள். என் பெயரைத்தான் சொல்கிறாள், கேட்கிறதா?

தம்பி, உங்களிடம்தான் வருவாள். திருச்செங்கோட்டுக்காரர், வயசானவர், வந்தாரா என்று கேட்பாள்.

இறங்கிப் போய்விட்டார் என்று சொல்லுங்கள்.